பழைய மான்டாக் படகின் நடுக் கன்சோல்: ஓட்டைகளை அடைப்பதா மறைப்பதா, கருவிகளை எங்கே பொருத்துவது?

தொடுவானம், டாம்பா

வணக்கம். 1980களில் கட்டப்பட்ட பாஸ்டன் வேலர் மான்டாக் பதினேழு அடிப் படகு ஒன்று என்னிடம் இருக்கிறது. டாம்பா விரிகுடாவிலும் அதன் வாய்ப்பகுதியிலும் மீன்பிடிக்கப் போவதற்கே பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். உடற்பகுதியில் குறையேதும் இல்லை. சுக்கானும் கருவிகளும் பூட்டியிருக்கும் கன்சோல்தான் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு கருவியைப் பூட்டிக் கழற்றியதில், சுக்கான் சக்கரத்துக்கு மேலுள்ள முகப்பில் மூன்று பெரிய ஓட்டைகளும் எண்ணற்ற திருகாணித் துளைகளும் மிஞ்சியுள்ளன. உள்ளே கையை விட்டால் எங்கும் போய்ச் சேராத கம்பிகள் கொத்தாக வருகின்றன. அவற்றில் பாதி காருக்கான சாதாரணச் செம்புக் கம்பிகள். உறையைச் சீவினால் உள்ளே கறுத்துப் பொடிந்திருக்கிறது.

ஒன்பது அங்குலத் திரையுள்ள சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் நிலையைக் காட்டும் கருவி), நிலையாகப் பொருத்தும் வி.எச்.எஃப். வானொலி, புதிய சுவிட்ச் பலகை, கைபேசிக்கு மின்னேற்ற ஓர் இணைப்பு ஆகியவற்றை வைக்க விரும்புகிறேன். என் ஐயங்கள் இவை: பழைய ஓட்டைகளை ஃபைபர் கொண்டு அடைப்பது நல்லதா, முகப்பின்மேல் புதுப் பலகை ஒன்றைப் போட்டு மறைத்துவிடலாமா? சார்ட்பிளாட்டரை முகப்பில் பதிப்பதா, தாங்கியில் நிறுத்துவதா? இவற்றுக்காகக் கன்சோலைத் தளத்திலிருந்து கழற்றியே ஆக வேண்டுமா?

மின்கம்பி, ஆனாபொலிஸ்

வணக்கம் நண்பரே. செசபீக் விரிகுடாப் பக்கம் படகுகளுக்கு மின்வேலை செய்வதே என் தொழில் என்பதால், நீங்கள் கேட்டவற்றுக்கு முன்னால் வர வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகப்பை வைத்துத் திட்டமிடாதீர்கள். கன்சோலின் முதுகுப்புறத்தை வைத்துத் திட்டமிடுங்கள். மான்டாக்கின் கன்சோல் குறுகலானது. சுக்கானின் பல்சக்கரப் பெட்டியும், அதிலிருந்து வளைந்து இறங்கும் தடித்த கேபிளும், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கேபிள்களும் போக மிஞ்சும் இடத்தில்தான் உங்கள் கருவிகளின் பின்பாகம் உட்கார வேண்டும். விளம்பரத்தில் தரப்படும் ஆழம் கருவியின் உடலுக்கு மட்டுமே உரியது. பின்னால் செருகப்படும் இணைப்பிகளும் அவற்றின் கேபிள்கள் முறியாமல் வளைவதற்கான இடமும் அதில் சேராது. அதற்குக் குறைந்தது ஏழெட்டு சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். கருவியோடு வரும் வெட்டு அளவுத் தாளை அட்டையில் ஒட்டி, அதே ஆழத்துக்கு ஓர் அட்டைப் பெட்டி செய்து, சுக்கானை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பாருங்கள். இடிக்கிறதா இல்லையா என்பது வாள் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பழைய கம்பிகள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். "இது நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஒன்றைக்கூட மிச்சம் வைக்க வேண்டாம். ஈயம் பூசிய செம்பு இழைக் கம்பியை மட்டும் பயன்படுத்துங்கள். உட்பக்கம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் முனைகளை, ராட்செட் உள்ள கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். பற்றவைப்பை மட்டுமே நம்பி இணைப்புச் செய்வதை அமெரிக்கப் படகுத் தரநிர்ணயமான ஏ.பி.ஒய்.சி. இ-11 ஏற்பதில்லை, பற்றவைத்த இடம் விறைத்து, எஞ்சின் அதிர்வில் அதன் விளிம்பிலேயே இழைகள் அறுந்துபோகும். எதிர்முனைக் கம்பிக்குக் கறுப்புக்குப் பதிலாக மஞ்சள் நிறம் எடுத்தால், நாளை வேறொருவர் அதை 120 வோல்ட் கம்பியோடு குழப்பிக்கொள்ள மாட்டார்.

கம்பியின் தடிமனில்தான் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். பேட்டரி பின்புறத்தில் இருந்தால், வளைவுகளையும் சேர்த்துக் கன்சோல் வரை ஏறக்குறைய 5 மீட்டர் வரும். போகவர 10 மீட்டர் என்று கணக்கிட வேண்டும். வானொலி, சார்ட்பிளாட்டர், வழிவிளக்குகள் போன்றவற்றுக்கு மின்னழுத்த வீழ்ச்சி 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட்தான். எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர் இழுக்கும்போது 8 கேஜ் கம்பியில் (எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) ஏறத்தாழ 0.41 வோல்ட் விழும். 6 கேஜில் 0.26. ஆகவே 6 கேஜில் இரு கம்பிகளை இழுத்து, கன்சோலுக்குள் ஒரு ஃபியூஸ் பலகையிலும் எதிர்முனைக் கம்பிகள் சேரும் பஸ்பாரிலும் முடித்துவிடுங்கள். முதன்மை ஃபியூஸ் மின்மூலத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கம்பி பேட்டரி முனையிலேயே நேராக இணைக்கப்பட்டு, நீளம் முழுவதும் உறைக்குள் சென்றால் 72 அங்குலம் வரை விலக்கு உண்டு. தானியங்கி மிதவைச் சுவிட்சால் ஓடும் நீரிறைப்பான் மட்டும் முதன்மைச் சுவிட்சைத் தாண்டித் தனி ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்தே வரட்டும். படகைக் கட்டிவிட்டு எல்லாவற்றையும் அணைத்துச் சென்ற பிறகு மழை பெய்தாலும் அது வேலை செய்ய வேண்டும்.

முத்துநகரான், தூத்துக்குடி

வணக்கம். நான் இங்கே ஃபைபர் வள்ளங்கள் கட்டும் பட்டறையில் இருப்பவன். எங்கள் வள்ளங்களில் கன்சோல் என்று ஒன்று கிடையாது. கடையாலில் (பின்முனையில்) உட்கார்ந்து எஞ்சினைக் கையாலேயே திருப்புகிறோம். ஆனால் ஓட்டை அடைப்பது எங்கும் ஒரே வேலைதான் என்பதால் சொல்கிறேன்.

திருகாணித் துளைகளில் நேராகப் பட்டியை அப்பாதீர்கள். கார் பட்டறையில் பயன்படுத்தும் பட்டி நீரை உறிஞ்சி, ஓராண்டுக்குள் ஒவ்வொரு துளையும் வட்டமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி நல்ல ஃபைபர் தெரியும் வரை சுரண்டி, மேல்வாயைக் கூம்பாக விரித்து, சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கிய ரெசினால் நிரப்புங்கள்.

பெரிய ஓட்டைக்குப் பின்தாங்கல் வேண்டும். உட்புறம் கை எட்டவில்லை என்றால் இப்படிச் செய்யலாம். தனியாக வார்த்து உலர்ந்த மெல்லிய ஃபைபர் தகடொன்றை ஓட்டையைவிடச் சற்றுப் பெரிதாக, நீள்வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு திருகாணியை அரைவாசி ஏற்றி, அதில் கம்பி கட்டுங்கள். தகட்டின் ஓரத்தில் கெட்டி ரெசினைத் தடவி, அதைச் சாய்த்து ஓட்டைக்குள் நுழைத்து, கம்பியை வெளியே இழுத்து ஒரு குச்சியில் முறுக்கி இறுக்கிவிட்டால், இறுகும் வரை அது தானே பிடித்துக்கொள்ளும். பிறகு திருகாணியை எடுத்துவிட்டு மேலிருந்து மேட் (ஃபைபர் இழைப் பாய்) வைத்து ஏற்றி வாருங்கள். ஓட்டையைச் சுற்றிய ஃபைபரைத் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது வழக்கம். கன்சோல் முகப்பு பாரம் தாங்கும் இடமல்ல என்பதால் எட்டு மடங்கு போதும். சரிவு இல்லாமல் குழிக்குள் மேட்டைத் திணித்தால் அது அடைப்பு ஆகாது, மூடி ஆகும். வெயில் பட்டதும் விளிம்பில் கோடு விடும்.

மேலே ஜெல்கோட் (நிறமுள்ள ரெசின் மேற்பூச்சு) அடிக்கப்போகிறீர்கள் என்றால் பாலியெஸ்டர் ரெசினிலேயே வேலையை முடியுங்கள். பெயின்ட் என்றால் எப்பாக்ஸி இன்னும் நன்றாகப் பிடிக்கும். எப்பாக்ஸி இறுகியபின் மேலே மெழுகுபோல் ஒரு படலம் நிற்கும். அதைத் தேய்ப்பதற்கு முன் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவிவிட வேண்டும். உங்கள் ஊரில் ரெசின் ஆக்சிலரேட்டர் கலந்தே வரும் என்று நினைக்கிறேன். தனித்தனியாக வாங்க நேர்ந்தால், ஆக்சிலரேட்டரான கோபால்ட்டையும் ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்க்காதீர்கள், தீப்பற்றி வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் விட வேண்டும்.

உப்பங்காற்று, பெர்த்

முத்துநகரான் அண்ணா சொல்லும் முறையில் குற்றம் காண முடியாது. ஆனால் தொடுவானம் அவர்களின் முகப்பில் அடுத்த சில ஆண்டுகளில் கருவிகள் மீண்டும் மாறும் என்பதை மறந்துவிட வேண்டாம். சார்ட்பிளாட்டரின் அடுத்த தலைமுறை வந்ததும் வெட்டு அளவு மாறும். அப்போது மறுபடியும் ரெசினைக் கலக்க வேண்டியிருக்கும். நான் என் படகில் முகப்பைச் செவ்வகமாக வெட்டி எடுத்துவிட்டு, அதன்மேல் கழற்றக்கூடிய பலகை ஒன்றைத் திருகியிருக்கிறேன். கருவி மாறினால் பலகையை மட்டும் புதிதாக வெட்டுகிறேன். அத்துடன், பின்புறக் கம்பிகளைப் பார்க்க அந்தப் பலகையே கதவாகிவிடுகிறது. மின்கம்பி அவர்கள் முதுகுப்புறத்தை வைத்துத் திட்டமிடச் சொன்னதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

முத்துநகரான், தூத்துக்குடி

தங்கை சொல்வது கருவிக்குப் பொருந்தும், கன்சோலுக்குப் பொருந்தாது. முகப்பைச் சுற்றி நாலு விரல் ஓரம் விட்டு மிச்சத்தை வெட்டி எடுத்தால், சுக்கானின் இழுவையை எது தாங்கும்? சுக்கான் பூட்டியிருக்கும் பகுதியைத் தொடாமல் அதற்கு மேலே மட்டும் வெட்டினால் ஒப்புக்கொள்கிறேன்.

மின்கம்பி, ஆனாபொலிஸ்

இருவரும் சொல்வது சேர்ந்தே நடக்கலாம். சுக்கானைச் சுற்றிய ஓட்டைகளையும் பக்கவாட்டுத் துளைகளையும் ஃபைபரால் அடைத்துவிட்டு, மேல்பகுதியில் மட்டும் கழற்றும் பலகை வையுங்கள்.

பலகை எது என்பதில் கவனம் தேவை. ஸ்டார்போர்டு என்று கடைகளில் கிடைக்கும் பாலிஎத்திலீன் பலகை மக்காது, உளுத்துப் போகாது, மர வாளால் அறுபடும். ஆனால் அதில் எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது. ஃபுளோரிடா வெயிலில் நீளவும் செய்யும். அறுபது சென்டிமீட்டர் பலகை காலைக்கும் நண்பகலுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டுசுருங்கக்கூடும். திருகாணித் துளைகளைத் தளர்வாக விட்டு, வாஷரோடு பூட்டவில்லை என்றால் நடுவில் வயிறு தள்ளும். அடியில் பியூட்டைல் நாடா வைத்தால் அது அசைவுக்கு இடம் கொடுத்தபடியே நீரையும் தடுக்கும். 5200 போன்ற நிரந்தரப் பசையைக் கழற்ற வேண்டிய எந்தப் பொருளுக்கும் இடாதீர்கள். கறுப்பு அக்ரிலிக் பார்க்க அழகாக இருக்கும். வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், துளையின் ஓரத்தில் விரிசலும் விடும். என் தேர்வு, இரு புறமும் ஜெல்கோட் அடித்த ஃபைபர் தகடு. அதை முத்துநகரான் ஐயா ஒரு கண்ணாடிமேல் வார்த்து ஒரே நாளில் எடுத்துவிடுவார். கடையில் வாங்கும் நமக்குத்தான் காசு.

ஜெல்கோட்டில் வட்ட வாளை முதலில் பின்னோக்கிச் சுழற்றுங்கள். ஜெல்கோட் படலத்தை அது சிதறாமல் அறுத்த பிறகு முன்னோக்கிச் சுழற்றலாம். திருகாணித் துளைகளின் வாயைக் கூம்பாக்கினால் நட்சத்திர விரிசல் வராது.

தொடுவானம், டாம்பா

மிக்க நன்றி. மேல்பகுதியில் கழற்றும் பலகை என்று முடிவுசெய்துவிட்டேன். பதிப்பதா, தாங்கியா என்பதில்தான் இன்னும் தயக்கம். கன்சோலைக் கழற்றுவது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

உப்பங்காற்று, பெர்த்

தாங்கிதான். நின்றுகொண்டு ஓட்டும்போது ஒரு கோணம், உட்கார்ந்தால் வேறு கோணம், மாலைச் சூரியன் முதுகில் அடிக்கும்போது இன்னொன்று. பதித்த திரையைத் திருப்ப முடியாது. படகைப் படகுத்துறையில் விட்டுவிட்டு வரும்போது தாங்கியில் உள்ளதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம்.

மின்கம்பி, ஆனாபொலிஸ்

இதில் நான் உடன்படவில்லை. தாங்கியில் நிற்கும் திரையின் பின்புறத்துக்கு மழையும் அலைத்தெறிப்பும் நேராக வருகின்றன. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இணைப்பியின் ஊசிகள் தேய்கின்றன. மான்டாக்கில் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள காற்றுத்தடுப்பு உயரமானது அல்ல. தாங்கியில் ஒன்பது அங்குலத் திரை அதற்கு மேல் தலைநீட்டி, அணியத்துக்கு (முன்முனைக்கு) முன்னால் மிதக்கும் நண்டுப்பொறி மிதவைகளை மறைத்துவிடும். முகப்பு மிகவும் படுத்திருந்தால் மட்டும், பலகைக்கு அடியில் ஆப்புவடிவச் சட்டம் வைத்து நிமிர்த்திப் பதியுங்கள். வாங்குவதற்கு முன் கடையில் உங்கள் வெயில்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே திரையைப் பாருங்கள். சில திரைகள் போலரைஸ்டு கண்ணாடி வழியாகக் குறிப்பிட்ட கோணத்தில் கறுத்துவிடும்.

கன்சோலைக் கழற்றும் விஷயத்தில் வேலர் படகுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. இதன் உட்கூட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் நுரை ஊற்றி நிரப்பப்பட்டிருக்கிறது. நிறுவனர் டிக் ஃபிஷர் படகை நடுவே அறுத்து, மிதக்கும் பாதியில் அமர்ந்திருக்கும் படம் 1961இல் லைஃப் இதழில் வந்து பெயர்பெற்றது. மிதக்க வைக்கும் அந்த நுரைதான் தளத்தில் நாம் போடும் ஒவ்வொரு துளைக்கும் எதிரி. தளத்தில் திருகாணி பிடிப்பது நுரைக்குள் புதைத்த ஒட்டுப்பலகைத் துண்டுகளில் மட்டுமே. அத்துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் தொழிற்சாலை வரைபடங்கள் வேலர் உரிமையாளர்களிடையே புழங்குகின்றன. உங்கள் மாதிரிக்குரியதைத் தேடி எடுங்கள். பலகை இல்லாத இடத்தில் போட்ட திருகாணி தளர்ந்து, அதன் வழியே இறங்கும் நீர் வெளியேற வழியில்லாமல் நுரையில் தங்கிப் படகின் எடையைக் கூட்டும். ஆகவே கன்சோலைக் கழற்றுங்கள், ஆனால் பழைய துளைகளிலேயே திரும்பப் பூட்டுங்கள். தளர்ந்தவற்றை எப்பாக்ஸியால் அடைத்து, அதிலேயே புதிதாகத் துளையிடுங்கள். கழற்றியிருக்கும்போது உள்சுவரெங்கும் கை தாராளமாகப் போகும் என்பதால் மின்வேலையில் பாதியைத் தரையில் வைத்தே முடித்துவிடலாம்.

பேட்டரியைப் பின்புறத்திலிருந்து கன்சோலுக்குள் மாற்றுவதும் சிந்திக்கத் தக்கது. அக்காலப் படகுகள் எடை குறைந்த இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்காகக் கட்டப்பட்டவை. இன்றைய நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் பின்புறத்தை அழுத்துகிறது. பேட்டரியையாவது முன்னால் கொண்டுவந்தால் படகு நிமிரும். ஆனால் ஸ்டார்ட்டர் கேபிள் நீளும் அளவுக்குத் தடிமனும் கூட வேண்டும். அதன் அளவை எஞ்சின் கையேட்டின் அட்டவணையிலிருந்து எடுங்கள்.

தொடுவானம், டாம்பா

பேட்டரியை மாற்றுவது என்றே தீர்மானித்திருக்கிறேன். வானொலியையும் காம்பஸையும் அருகருகே வைக்க வேண்டியிருக்கிறது, இடம் அவ்வளவுதான். அது சரியாக வருமா?

மின்கம்பி, ஆனாபொலிஸ்

வானொலியின் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது, கைமைக்கிலும் இருக்கிறது. கையேட்டில் காம்பஸிலிருந்து விலக்க வேண்டிய தொலைவு தரப்பட்டிருக்கும். அதற்குக் குறையாமல் வையுங்கள். மைக்கைத் தொங்கவிடும் கொக்கியைக் காம்பஸுக்கு எதிர்ப்பக்கம் திருகுங்கள். காந்தத்தால் பிடிக்கும் கைபேசித் தாங்கிகளைக் கன்சோல் மேல் வைக்கவே வேண்டாம். காம்பஸுக்கு அருகில் போகும் நேர்முனை, எதிர்முனைக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் படகு கட்டியிருக்கும் நிலையிலேயே கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்து, முள் அசைகிறதா என்று பாருங்கள்.

வானொலி 25 வாட்டில் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். ஆன்டெனா கேபிளை உங்கள் வசதிக்கேற்ப முழங்கை போல் மடக்காதீர்கள். உங்கள் படகுக்கு எட்டு அடி, 6 டெசிபெல் ஆன்டெனா போதும். அதைவிட அதிக டெசிபெல் உள்ளது வானொலி அலைக்கற்றையைத் தட்டையாக்கும். சிறுபடகு உருளும்போது அது வானத்தையும் கடலையும் மாறி மாறி நோக்கும்.

எம்.எம்.எஸ்.ஐ. எண் (படகை அடையாளம் காட்டும் வானொலி எண்) பெறாமல், ஆபத்தில் அழுத்தும் வானொலியின் சிவப்புப் பொத்தானால் முழுப் பயன் இல்லை. அமெரிக்கக் கடற்பரப்புக்குள் மட்டும் போவதானால் போட்யூஎஸ் போன்ற படகு உரிமையாளர் அமைப்புகள் தரும், 338 என்று தொடங்கும் ஒன்பது இலக்க எண் போதும். பகாமாஸ் வரை போகும் எண்ணம் இருந்தால் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் உரிமத்தோடு எண் வாங்குங்கள். முன்னது பன்னாட்டுத் தரவுத்தளத்தில் ஏறாது. பல வானொலிகளில் எண்ணை ஓரிரு முறைக்கு மேல் பதிய முடியாது என்பதால், பதியும்போது தாளில் எழுதிவைத்துச் சரிபார்த்துப் பதியுங்கள். வானொலிக்கு நிலை தெரிய வேண்டும், உள்ளேயே ஜி.பி.எஸ். இல்லாத மாதிரி என்றால் சார்ட்பிளாட்டரோடு இணைத்தே ஆக வேண்டும்.

உப்பங்காற்று, பெர்த்

அந்த இணைப்பை படகுக் கருவிகளை இணைக்கும் என்.எம்.இ.ஏ. 2000 வலையமைப்பில் செய்வது எளிது. முதுகெலும்புக் கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் முடிப்பான் ஒவ்வொன்று. அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் 6 மீட்டருக்கு மிகாத கிளைக் கேபிள். வலையமைப்புக்கு ஒரே இடத்தில் தனி ஃபியூஸோடு மின்சாரம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு சமிக்ஞைக் கம்பிகளுக்கிடையே மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முடிப்பான் கழன்றிருக்கிறது. சிறுபடகு என்பதால் முடிப்பான் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தொடுவானம், டாம்பா

வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. சுக்கானைச் சுற்றிய ஓட்டைகள் இருந்த இடம் தெரியவில்லை. எதிர்பாராத சிக்கல் ஒன்று மட்டும்: எஞ்சின் நின்றிருக்கும்போது சார்ட்பிளாட்டரின் ஆழமானித் திரை தெளிவாக இருக்கிறது, எஞ்சின் ஓடினால் மேலிருந்து கீழ்வரை கோடுகள் விழுகின்றன.

மின்கம்பி, ஆனாபொலிஸ்

முதலில் சார்ட்பிளாட்டரை ஒரு தனிச் சிறு பேட்டரியில் இணைத்து எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். கோடுகள் மறைந்தால் இரைச்சல் மின்கம்பி வழியே வருகிறது. எஞ்சின் சாவியிலிருந்து மின்சாரம் எடுக்காமல், பேட்டரியிலிருந்து வரும் ஃபியூஸ் பலகையிலிருந்தே கொடுங்கள். மறையவில்லை என்றால் டிரான்ஸ்டியூசர் (ஆழமானியின் ஒலியுணரி) கேபிள் எஞ்சின் கம்பிக்கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அதைப் பிரித்துப் படகின் எதிர்ப்பக்கமாகக் கொண்டுவாருங்கள். மிஞ்சிய நீளத்தை வெட்டாமல், இறுக்கமில்லாத எட்டு வடிவில் மடித்து வையுங்கள்.

கன்சோலில் எஞ்சின் நிறுத்தச் சுவிட்ச் எங்கே வைத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. 26 அடிக்குக் குறைவான, 3 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள படகுகளில் ஓட்டுநர் அதன் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டரசு விதி இருக்கிறது. கயிறு சுக்கான் சக்கரத்தின் ஆரங்களில் சிக்காத பக்கத்தில் வையுங்கள்.

தொடுவானம், டாம்பா

டிரான்ஸ்டியூசர் கேபிள்தான் காரணம். பிரித்துக் கட்டியதும் கோடுகள் போய்விட்டன. நிறுத்தச் சுவிட்சை எஞ்சின் கட்டுப்பாட்டுப் பிடிக்கு அருகில் வைத்திருக்கிறேன். முத்துநகரான் ஐயாவுக்குக் கடைசியாக ஒரு கேள்வி: மணல்நிற ஜெல்கோட்டைக் கலந்து நேற்று அடித்தேன். கேட்டலிஸ்ட் அளவு சரிதான். இன்று காலையிலும் மேலே பிசுபிசுப்பாக இருக்கிறது. சுரண்டி எடுத்துவிட வேண்டுமா?

முத்துநகரான், தூத்துக்குடி

வேண்டாம். நீங்கள் வாங்கியது மெழுகு சேர்க்காத ஜெல்கோட்டாக இருக்கும். அச்சுக்குள் அடிப்பதற்கானது அது. காற்றுப்பட்ட பக்கம் முழுதாக இறுகாது. விரல்நகத்தால் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். அடிப்பக்கம் கெட்டியாக இருந்தால் கவலையில்லை. மேற்பிசுக்கை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, 220 எண் தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு போட்டுப் பளபளப்பாக்குங்கள். இன்னொரு பூச்சு வேண்டுமென்றால் இம்முறை மெழுகுக் கரைசல் சேர்த்து அடியுங்கள்; அல்லது அடித்து முடித்ததும் மேலே பி.வி.ஏ. (காற்றுப்படாமல் தடுக்கும், நீரில் கரையும் பூச்சு) தெளித்து, இறுகிய பின் தண்ணீரால் கழுவிவிடுங்கள். பழைய ஜெல்கோட் வெளுத்திருப்பதால் நிறம் ஒத்துப்போகாதது போல் தோன்றும். மீதிக் கன்சோலையும் ஒருமுறை காம்பவுண்டு போட்டுத் தேய்த்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன் நிறக்கலவையில் கை வைக்காதீர்கள்.